தனித்துவமும் விதிவிலக்கும்
கரவெட்டி தந்த சிவத்தம்பியின் ஒப்பியல் நோக்கு: ஒரு மதிப்பீடு

1

ஒரு தேசிய இனம் தன்னை ஏனையவற்றிலிருந்து வேறுபட்டதென்று கூறுவது ஒன்று. ஏனையவற்றுக்குப் பொருந்தும் வரலாற்று நியதிகள் தனக்குப் பொருந்தா என்று கூறுவது மற்றொன்று. முன்னதைத் தனித்துவம் என்றும், பின்னதை விதிவிலக்கு என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். தமிழில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே மூச்சிற் பேசப்படுகின்றன. தமிழரின் மொழிக்கும் இலக்கியத்துக்கும் உரிய தனித்துவத்தை நிறுவப் புகுவோர், ஈற்றில் தமிழர் உலகில் எவருக்கும் நிகரற்றோர் என்ற முடிவில் வந்து நிற்பதைக் காண்கிறோம். இவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள எல்லையைத் தம் ஆய்வுகள் வாயிலாகத் தெளிவாக்கியவர்களுள் ஒருவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011). வடமராட்சியின் கரவெட்டியிற் பிறந்து, அவ்வூர் விக்னேஸ்வராக் கல்லூரியிலும், பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியிலும் கற்றவர் அவர். அவரது ஒப்பியல் நோக்கு எதனைச் சாதித்தது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பனவற்றை மதிப்பிடுவதே நமது நோக்கமாகும்.

2

சங்க இலக்கியத்தின் திணைப்பாகுபாடு தமிழரின் ஒப்பற்ற இயற்கையுணர்வின் வெளிப்பாடு என்பது நெடுங்காலம் நிலவிவந்த விளக்கமாகும். பிற இனத்தார் காணாத ஒன்றைத் தமிழன் கண்டான் என்பதற்கு அது தலையாய சான்றாகக் காட்டப்பட்டது. 1974இல் 'சோஷல் சயன்ரிஸ்ற்' இதழில் வெளியான கட்டுரையிற் சிவத்தம்பி இவ்விளக்கத்தை அடிப்படையிலேயே மாற்றியமைத்தார். குறிஞ்சி, முல்லை, மருதம் முதலானவை வெறும் நிலக்காட்சிகள் அல்ல. உணவு சேகரித்தலும் வேட்டையும் மலையகத்தும், மேய்ச்சல் காட்டகத்தும், நெல்வேளாண்மை ஆற்றுவெளியிலும் ஒரே காலத்தில் அருகருகே நிலவின. இச்சமச்சீரற்ற வளர்ச்சியே திணைக் கோட்பாட்டின் சமூக அடித்தளம் என்பது அவர் முடிவு. முல்லையின் இருத்தலையும் மருதத்தின் ஊடலையும் அவ்வந்நிலத்து உற்பத்தி முறையோடும் குடும்ப அமைப்போடும் இணைத்து நோக்குவதற்கு இதனால் வழி பிறந்தது.

இவ்விளக்கம் திணைமரபின் சிறப்பைக் குறைத்துவிட்டதா? இல்லை என்றே கூறவேண்டும். சமச்சீரற்ற வளர்ச்சி பல சமூகங்களுக்குப் பொதுவானது. அதனை ஓர் இலக்கணமாக, காதலையும் போரையும் பாடுவதற்கான ஒழுங்காக வகுத்துக்கொண்ட முறைமை தமிழுக்குரியது. பொதுமையை இனங்கண்ட பின்னரே தனித்துவத்தின் உண்மையான அளவு புலனாகிறது. ஒப்பிடாதவன் தனித்துவத்தை உணரலாம், நிறுவ இயலாது.

க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தமிழ் வீரநிலைக் கவிதை' பற்றிய நூலும் இவ்வழிப்பட்டதே. பாணர் பாடல்களை ஹோமரின் காவியங்களோடும் கெல்டியப் பாணர் மரபோடும் ஒப்பிட்ட அந்நூல், சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் ஆக்கங்களாகக் கண்டது. 1975இல் ஜோர்ஜ் ஹார்ட், அவை பாணர் மரபைப் பின்பற்றிப் புலவர் இயற்றியவை என வேறுபட்டார். இவ்வாறு மறுக்கப்படக்கூடியதாக அமைந்தமையே கைலாசபதி கூற்றின் வலிமை என்போம். நிகரில்லை என்னும் கூற்றை எவ்வாறு மறுப்பது? அது சோதனைக்கு உட்பட மறுப்பதனாலேயே நிலைத்திருக்கிறது.

3

எனினும் ஒப்பியல் நோக்கிற்கும் ஒரு படுகுழி உண்டு. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் மாணவர்கள். கிரேக்க நாடகத்தின் சமூகத் தோற்றுவாயை ஆராய்ந்த தொம்சனின் நூல் 1941இல் வெளிவந்தது. அவர் வழிநின்று சிவத்தம்பி எழுதிய ஆய்வேடே 1981இல் 'பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்' என்னும் பொருளில் ஆங்கில நூலாயிற்று. ஆழமும் அகலமும் வாய்ந்த அந்நூலைப் படிக்குமிடத்து நமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. கிரேக்கத்தில் நிகழ்ந்தது ஏன் இங்கு அவ்வாறு நிகழவில்லை என்று வினவும்பொழுது, கிரேக்கம் அளவுகோலாகிவிடுகின்றது. தமிழ்ச் சமூகம் அளக்கப்படும் பொருளாகின்றது. நிகரற்ற இனம் என்ற பெருமையிலிருந்து விடுபட்ட நாம், குறையுடைய இனம் என்ற மற்றொரு விதிவிலக்கினுள் நுழைந்துவிடும் அபாயம் இங்குண்டு.

இவ்வபாயம் நமக்கு மட்டும் உரியதன்று. 1906இல் வேர்னர் சொம்பார்ட், ஐக்கிய அமெரிக்காவில் ஏன் சோசலிசம் இல்லை என்ற வினாவை எழுப்பினார். அமெரிக்கா பொதுநியதிக்குப் புறம்பானது என்ற கருத்து பொதுவுடைமை இயக்கத்தினுள்ளும் புகுந்து, 1929இல் ஜே லவ்ஸ்ரன் கட்சியிலிருந்து வெளியேற்றப்படும் அளவுக்குச் சர்ச்சையாயிற்று. ஜேர்மனியரோ தம் வரலாறு ஒரு தனிப்பாதை என்று முதலிற் பெருமை பேசினர். நாஸிசத்தின் வீழ்ச்சிக்குப் பின் அதே தனிப்பாதை அவர்தம் பேரழிவிற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 1980இல் டேவிட் பிளாக்போர்ன், ஜெஃப் எலி ஆகியோர் இதனைக் கேள்விக்குள்ளாக்கினர். பாதை விலகியது என்றால், விலகாத நேர்ப்பாதை எது? இங்கிலாந்துதான் என்பது பெரும்பாலோர் கொண்ட எடுகோள். ஆனால் ஈ. பி. தொம்சன் 1965இலேயே ஆங்கிலேயரின் வினோதங்கள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அளவுகோலாகக் கொள்ளப்பட்ட நாடே தன்னை ஒரு வேறுபாடாகக் காணுமாயின், விதி என்பது எந்த ஒரு நாட்டிலும் முழுவடிவில் இல்லை என்பது தெளிவு. அது எல்லா நாடுகளினதும் வேறுபாடுகளினூடாகவே தொழிற்படுகின்றது. ஆகவே ஒப்பீடு இருபக்கமும் செல்லவேண்டும். திணைமரபை வைத்துக் கிரேக்கத்தை வினவுதலும் ஆய்வாதல் வேண்டும். சிவத்தம்பி திறந்த வாயில் அது. அவர் அதனூடே வெகுதூரம் செல்லவில்லை.

4

இவ்வினா ஏட்டளவிலான ஒன்றாக இத்தீவில் இருந்ததில்லை. மகாவம்ச மரபு இத்தீவைப் புத்தர் தம் சாசனம் நிலைபெறத் தேர்ந்த நிலமாகக் காண்கிறது. சைவ மரபு இதனையே சிவபூமி என்று போற்றுகின்றது. ஒரே நிலத்தின்மேல் இரண்டு தெரிவுகள். அநகாரிக தர்மபாலாவின் சிங்கள பௌத்த மறுமலர்ச்சியும், தமிழ்நாட்டில் 1916 முதல் மறைமலையடிகள் முன்னெடுத்த தனித்தமிழ் இயக்கமும் குடியேற்ற ஆட்சியின் கீழ்த் தோன்றியவை. மிஷனரிமாரும் ஆட்சியாளரும் காட்டிய இகழ்ச்சிக்கு முன்னதும், வடமொழி மேலாண்மைக்குப் பின்னதும் விடையிறுத்தன. இவ்விடையிறுப்பின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. இழிவுபடுத்தப்பட்ட மக்கள் தலைநிமிர்வதற்குப் பழம்பெருமை ஊன்றுகோலாவது இயல்பு. ஆனால், நீ கீழானவன் என்பவனுக்கு நான் மேலானவன் என்று விடையிறுப்பவன், மேல் கீழ் என்னும் ஏணியை ஏற்றுக்கொண்டே பேசுகிறான். அவ்வேணியின் கீழ்ப்படியில் வேறு யாரையேனும் நிறுத்தவேண்டிய கட்டாயம் அவனுக்கு விரைவில் நேர்ந்துவிடுகின்றது.

தனித்தமிழ் இயக்கத்தின் அரசியற் பின்னணியை ஆராய்ந்து 1979இற் சிவத்தம்பி வெளியிட்ட நூல் இவ்விடத்தில் முக்கியமானது. தூய்மை என்னும் கருத்துக்கு ஓர் ஆண்டும், ஒரு சமூகத் தளமும், ஓர் அரசியற் தேவையும் உண்டென்று அது காட்டியது. அதே ஆண்டைத் தாங்கிய சஞ்சிகையொன்றில், பேராதனை வரலாற்றறிஞர் ஆர். ஏ. எல். எச். குணவர்தன, சிங்கள இன அடையாளம் காலந்தோறும் மாறி உருவான ஒன்று என்பதைச் 'சிங்கத்தின் மக்கள்' பற்றிய தம் ஆங்கிலக் கட்டுரையில் நிறுவினார். இரு ஆய்வாளரும் தத்தம் இனத்தின் புனிதக் கதையையே முதலிற் சோதனைக்கு எடுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அயலானின் கட்டுக்கதையை உடைப்பது எளிது. அதற்குக் கைதட்டலும் கிடைக்கும்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் ஓரினத்தின் விதிவிலக்குக் கோரிக்கை சட்டமான தருணமாகும். அன்று பருத்தித்துறைத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் கரவெட்டியைச் சேர்ந்த பொதுவுடைமையாளர் பொன். கந்தையா. கீழைத்தேய மொழிகளில் வல்ல அவ்வறிஞர், சிங்களமும் தமிழும் சம அந்தஸ்துப் பெறவேண்டும் என்ற தம் கட்சியின் அன்றைய நிலைப்பாட்டில் நின்று அம்மசோதாவை எதிர்த்தார். சம அந்தஸ்து என்னும் சொல்லை நாம் நின்று நோக்கவேண்டும். அது மொழியின் தொன்மையைக் கொண்டு வாதிடுவதன்று. அதனைப் பேசும் மக்கள் ஏனையோரைப் போன்ற மக்கள் என்பதைக் கொண்டு வாதிடுவது. அறுபதுகளில் இடதுசாரிக் கட்சிகளே இந்நிலைப்பாட்டைக் கைவிட்டமை முற்போக்காளர் மறைக்கக்கூடாத வரலாறாகும்.

5

விதிவிலக்குக் கோரிக்கையின் பெருந்தீங்கு வெளியாரை இகழ்வதோடு நின்றுவிடுவதில்லை. அது உள்ளே எழும் வினாக்களையும் அடக்குகின்றது. கரவெட்டியையே நோக்குவோம். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் 'கரவை வேலன் கோவை' பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது இவ்வூர்ப் பிரபு ஒருவரை. கோவை பெற்ற ஊர் என்பது கரவெட்டிக்குப் பெருமைதான். அதே சூழலில், சாதியின் பெயரால் கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சூரன் 1914இல் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையைத் தொடங்கவேண்டியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னரும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலிற் போராட்டம் நிகழ்ந்தது. ஒப்புயர்வற்ற பண்பாடு என்ற பேச்சில் இவற்றுக்கு இடமெங்கே? இவை தமிழினத்தின் மானத்தைக் குலைக்கும் செய்திகள் என்று கண்டிக்கப்பட்ட காலமும் உண்டு. சிவத்தம்பி பின்னர் எழுதிய 'யாழ்ப்பாணம்: சமூகம், பண்பாடு, கருத்துநிலை' இவ்வடக்குமுறையின் கருத்துநிலை அடித்தளத்தைப் புலப்படுத்துவதில் நமக்கு இன்றும் உதவுகின்றது.

இன்னொரு விளைவையும் கருதுதல் வேண்டும். தொன்மையே உரிமைக்கு ஆதாரமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொண்டுவரப்பட்ட மலையகத் தமிழருக்கு இத்தீவில் என்ன உரிமை? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வினாவைக் கேட்டே அவர்களை நாடற்றவராக்கியது. யாழ்ப்பாணத்துப் பழம்பெருமை வாதத்தில் அதற்கு விடையில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபொழுதும், மண் யாருக்கு உரியது என்ற அதே தர்க்கமே தமிழின் பெயரால் இயங்கிற்று. நிகரற்றோர் என்பதனாலன்றி, பிறருக்கு நிகரானோர் என்பதனாலேயே ஓரினம் தன்னாட்சியும் மொழியுரிமையும் கோரமுடியும். இது தமிழர் கோரிக்கையை வலுக்குறைப்பது அன்று. தொன்மைச் சான்று ஒன்று நாளை பொய்த்துப்போனாலும் குலையாத அடித்தளத்தில் அதனை நிறுத்துவதாகும்.

6

இவ்விவாதம் பழங்கதையாகிவிட்டதெனக் கருதுவோர் அண்மை நிகழ்வுகளை நோக்குவாராக. 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தபொழுது, அது தனிப்பெரும் முடியாகக் கொண்டாடப்பட்டது. 2005இல் சமஸ்கிருதமும், அடுத்து வந்த ஆண்டுகளிற் பிறவும் அப்பட்டியலிற் சேர்ந்தன. 2024இற் பாளி உட்பட ஐந்து மொழிகள் சேர, செம்மொழிகளின் தொகை பதினொன்றாயிற்று. இதனால் தமிழின் ஓர் எழுத்தேனும் குறைந்ததா? 2025 சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியற்றுறையின் அறிக்கை, சிவகளையிற் கிடைத்த சான்றுகளைக் கொண்டு இரும்பின் பயன்பாட்டை கி.மு. 3345 வரை பின்னோக்கிக் கொண்டுசென்றது. ஆய்வு என்ற வகையில் அது வரவேற்கத்தக்கது. பிறவிடச் சான்றுகளோடு வைத்து எடைபோடப்பட வேண்டியது. எடைபோடுமுன்னரே அதனை உலக முதன்மைக்கான பட்டயமாக்குவது, ஆய்வாளர் கையிலிருந்து ஆய்வைப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

முடிவாக நாம் கூறக்கூடியது இது. எந்த இனமும் வரலாற்று நியதிகளுக்குப் புறம்பானதன்று. எந்த இனமும் மற்றொன்றின் பிரதியுமன்று. சிவத்தம்பியின் ஒப்பியல் நோக்கு இவ்விரு கூற்றுக்களையும் ஒருங்கே ஏற்பதற்கு நம்மைப் பயிற்றியது. கிரேக்கத்தை அளவுகோலாகக் கொண்டதனால் நேர்ந்த குறையை நீக்கி, சிங்கள இலக்கிய வரலாற்றோடும் பாளி மரபோடும் தமிழை நேருக்கு நேர் வைத்து ஆராய்வதே அடுத்த கட்டமாகும். பௌத்த பிரிவெனாவின் மரபில் வளர்ந்த வித்தியோதயாவில் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கற்பித்தவர் சிவத்தம்பி. அவ்வழியிற் செல்வதற்கு இரு மொழிகளையும் கற்ற ஆய்வாளர் தேவை. அவர்களை உருவாக்குவது நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளின் உடனடிக் கடமையென வலியுறுத்துகிறோம்.