உப்பில்லாத கொழுக்கட்டை

தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி. நெல்லை, குமரிப் பக்கத்துப் பெண்களுக்கு ஔவையார் நோன்பைப் பொறுத்தவரை இதற்கு மேல் பஞ்சாங்கம் தேவையில்லை. இந்த மாதங்களின் செவ்வாய்க்கிழமை இரவு, ஆண்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, ஏதாவது ஒரு வீட்டில் கூடுவார்கள். தொட்டில் பிள்ளையானாலும் ஆண் என்றால் உள்ளே இடமில்லை. ஐயர் கிடையாது. நடத்துவது வயதில் மூத்த ஆச்சி. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் அம்மா.

இதை வெறும் பக்தியாக நான் பார்ப்பதில்லை. முதலில் நோன்புக் கொழுக்கட்டைக்கான மாவைச் சொல்ல வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலிப்பார்கள். உப்பு சேர்ப்பதில்லை. உப்பு இல்லாததால் எந்தக் குறையையும் மறைக்க முடியாது: தேங்காய் முற்றலா, மாவு கரகரப்பா, எல்லாம் முதல் கடியிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். பிடிக்கும்போது விளிம்பு வெடித்தால் தண்ணீர் போதவில்லை. விரலில் ஒட்டினால் கூடிப்போயிற்று. கைப்பக்குவம் உள்ளவள் அளந்து ஊற்றமாட்டாள், தெளித்துத் தெளித்துப் பிசைவாள்.

அந்த மாவில் என்னென்ன உருவம் பிடிப்பார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள், வேண்டியவர்கள் தேடிப் படிக்கலாம். நான் அம்மா கையைப் பார்த்துக் கற்றவள். என் வாயால் வேண்டாம்.

மாவைவிடப் பெரிய வித்தை கதை. வறுமைப்பட்ட ஒரு வீடு, நோன்பு சொல்லிக்கொடுத்து அதைத் தூக்கிவிடும் ஔவை. இதற்கு மேல் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். அடுப்பில் கொழுக்கட்டை வேக, கேட்பவர்கள் 'உம்' கொட்ட, அந்த 'உம்'மின் சுருதியை வைத்தே நல்ல ஆச்சி கதையை நீட்டுவாள், குறுக்குவாள். கட்டிக்கொண்டு வந்த மருமகள் தன் தாய்வீட்டுக் கதையை ஒரு வரி செருகினால் மாமியார் முறைப்பதும் உண்டு. ஆனாலும் அடுத்த ஆடியில் அந்த வரி மாமியார் வாயிலேயே வரும்! தாய்வழிச் சரக்கு வீடு மாறிப் பரவுவது இப்படித்தான்.

வெந்ததை விடியுமுன் தின்று தீர்க்க வேண்டும். ஆண்களை வெளியே நிறுத்தினாலும் வேண்டுதல் என்னவோ புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும்தான். அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனால் ஒரு ராத்திரி முழுக்கத் தங்களுக்கென்று பெண்கள் எடுத்துக்கொண்ட தைரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குமரி மாவட்டம் தாழக்குடிப் பக்கத்து ஔவையாரம்மன் கோயிலில் ஆடிச் செவ்வாய்களில் கூட்டம் இன்றும் குறையவில்லை. வீட்டு நோன்புதான் அருகிவருகிறது. கதை தெரிந்த ஆச்சி உங்கள் குடும்பத்தில் இருந்தால், அடுத்த ஆடிக்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். அதைக் கண்டால் ஆச்சிகள் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.