தேடுகருவிகளும் வன்னி பற்றிய ஆய்வுகளும்

வன்னிப் பெருநிலப்பரப்புப் பற்றித் தமிழில் ஆய்வுகள் அரிதாகவே நிகழ்ந்துள்ளன என்ற கூற்று ஆய்வேடுகளின் முன்னுரைகளில் ஒரு வாய்பாடாகிவிட்டது. பல வேளைகளில் அதற்கு ஆதாரமாக அமைவது, 2004ஆம் ஆண்டு அறிமுகமான கூகிள் ஸ்கொலர் போன்ற தேடுகருவியொன்றில் ஆங்கிலத்தில் இட்ட ஓரிரு சொற்களுக்குக் கிடைத்த விடையேயாகும். கருவி காட்டாததை இல்லாததெனக் கொள்ளும் இம்முறையியல் பரிசீலனைக்குரியது.

இக்கருவி, கட்டுரையின் உள்ளடக்கம், ஆசிரியர், வெளியீட்டிடம் என்பவற்றுடன், அது பிறரால் எடுத்தாளப்பட்ட அளவையும் நோக்கியே விடைகளை வரிசைப்படுத்துகின்றது. எடுத்தாளப்பட்டது மேலே வரும். மேலே வந்தது மீண்டும் எடுத்தாளப்படும். எனவே வன்னி என்று ஆங்கிலத்தில் தேடுவோர் முன் 2009இல் முடிவுற்ற போர் பற்றிய எழுத்துக்களே மிகுதியாக வந்து நிற்கின்றன. குளங்கள், குடியேற்றத் திட்டங்கள், கூத்து, வற்றாப்பளைக் கண்ணகி வழிபாடு ஆகியன பின்தள்ளப்படுகின்றன. உழுதுண்டு வாழ்ந்த மக்களின் நிலம் அறிவுலகிற் போர்க்களமாக மட்டும் பதிவாகின்றது.

இப்போக்குக் கணினியுடன் தோன்றியதன்று. பேராதனைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த இயன் குணத்திலக்க 1970 முதல் 1983 வரை வெளியிட்ட இலங்கை நூல்விபரப் பட்டியல் ஐந்து தொகுதிகளாலான பெரும்பணி. ஆயினும் மேலைத்தேய மொழிகளில் வெளியானவையே அதன் எல்லை.

தமிழ்க் கட்டுரைகளுக்கு எழுத்துருவும் ஒரு தடை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த மின்பிரதியைக் கருவி பொருளற்ற உரோமன் எழுத்துக்களாகவே வாசிக்கின்றது. இடப்பெயர்களோ இன்னும் சிக்கலானவை. வன்னி ஆங்கிலத்தில் வி என்ற எழுத்தாலும் டபிள்யூ என்ற எழுத்தாலும் தொடங்கும். நிருவாக எல்லைகளும் மாறியுள்ளன. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் வவுனியாவையும் முல்லைத்தீவையுமே தலைப்பிற் குறிக்கின்றது. கிளிநொச்சி அன்று யாழ்ப்பாண மாவட்டத்தைச் சார்ந்தது. ஆகவே கிளிநொச்சி மாவட்டம் என்று மட்டும் தேடும் மாணவருக்கு இரணைமடுக் குளம் கட்டப்பட்ட காலத்து ஆவணங்கள் அகப்படமாட்டா.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதாலும் பின்னைய இடப்பெயர்வுகளாலும் அழிந்தவை பல. அவ்வாறு அழிந்தவற்றையும் அழியாமல் எங்கோ கிடப்பவற்றையும் ஒருசேர இல்லையென்பது இரண்டாவது இழப்பு எனலாம்.

என். செல்வராஜா 2002 முதல் வெளியிட்டுவரும் நூல்தேட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமும் இவ்வகையில் பெருந்துணை. நூல்தேட்டத்தின் அலகு நூல். ஆதலால் சஞ்சிகைக் கட்டுரைகளுக்கு அது போதாது. நூலகத்திற் சஞ்சிகைகளின் உள்ளடக்கத் தலைப்புகள் தட்டச்சாகியிருப்பது, கருவிகள் செய்யாத பணியாகும். பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், பிரதேச சாகித்திய விழா மலர்கள் ஆகியவற்றின் கட்டுரைகளுக்கு, இடப்பெயர்களின் எல்லா வடிவங்களையும் அடக்கிய ஒரு சுட்டி வேண்டும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா இதனைத் தொடங்குதல் பொருத்தமாகும்.

அதுவரை, முன்னாய்வுகள் இல்லையென எழுதும் மாணவரிடம் எங்கு தேடினார், எம்மொழியில், எச்சொற்களை இட்டுத் தேடினார் என்பவற்றையும் எழுதித்தருமாறு தேர்வாளர்கள் கோரலாம்.