மிக்சர் சரிதானா: யார் சொல்வதைக் கேட்பது?

பெட்ரோல் இன்ஜினுக்குச் சரியான மிக்சர் என்று ஒன்றே ஒன்று உண்டு என்ற நினைப்பில்தான் ட்யூனிங் தகராறுகளில் பாதி தொடங்குகின்றன. 1 கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இது வேதியியல் கணக்கு. ஆனால் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து மேடேறும்போது இன்ஜின் அதிக பலம் தருவது 12.5, 13 பக்கத்தில். நெடுஞ்சாலையில் லேசாக மிதித்து நிதானமாகப் போகும்போது சிக்கனம் கிடைப்பது 15.5, 16 பக்கத்தில். ஐடிலில், பழைய இன்ஜின்கள் கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, இருந்தால்தான் குலுங்காமல் நிற்கும். ஆக, மிக்சர் சரியா என்று கேட்பதற்கு முன்னால், எந்த நிலையில் என்று கேட்டாக வேண்டும். சோதனை முறைகளை எடைபோட எனக்கு அளவுகோலும் இதுவே. ஒரு முறை எந்த நிலையைப் பார்க்கிறது? பார்க்காத நிலையைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறதா?

1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் எஸ்.யு. கார்புரேட்டரும் கொண்ட பழைய அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே ஜெட், ஒரே ஊசி. காற்றின் இழுப்புக்கு ஏற்பப் பிஸ்டன் ஏறி இறங்க, அதில் மாட்டிய ஊசியும் கூடவே ஏறி இறங்கி ஜெட்டின் வாயை அகலமாக்கும், குறுக்கும். ஜெட்டுக்கு அடியில் உள்ள அறுகோண நட்டைத் திருப்பினால் ஜெட் முழுவதும் நகரும்: மேலே போனால் லீன் (பெட்ரோல் குறைவு), கீழே வந்தால் ரிச். ஐடிலில் செய்த மாற்றம் முழு வேகம் வரை தொடரும். மேலே போகப் போக அதன் விகிதம் குறையும், அவ்வளவுதான். பிரீமியர் பத்மினியின் சோலெக்ஸ் வேறு ஜாதி. அங்கே ஐடிலுக்குத் தனி ஜெட், தனி ஸ்க்ரூ. ஓட்டத்துக்கு மெயின் ஜெட். ‘ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே விட்டேன், ஹைவேயில் மைலேஜ் ஏறிவிட்டது’ என்று பத்மினிக்காரர் ஒருவர் சொன்னால், சிரிக்காமல் கேட்டுக்கொள்வது நட்புக்கு நல்லது. அந்த ஸ்க்ரூவுக்கு அங்கே வேலையே இல்லை.

இனி முறைகள். மூத்தது பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. கறுத்துக் கரி படிந்தால் ரிச், வெளுத்தால் லீன், பிஸ்கட் நிறம் என்றால் சரி என்ற வாய்ப்பாடு ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. பீங்கானில் படிந்த அந்தப் பழுப்பில் ஈயச் சேர்மத்துக்கும் பங்கு இருந்தது. இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். அதன் பிறகும் பழைய நிறத்தையே தேடுகிறவர், வெளுத்த பிளக்கைப் பார்த்துப் பயந்து தேவையில்லாமல் ரிச் பண்ணிவிடுகிறார். இன்னொரு குறை: பிளக் காட்டுவது கடைசிச் சில நிமிடங்களை. நெரிசலில் ஊர்ந்து வொர்க்ஷாப்புக்குள் நுழைந்த வண்டியின் பிளக், சாலையில் இன்ஜின் எப்படி ஓடியது என்பதைச் சொல்லாது. முழு இழுப்பில் ஓட்டி, அதே நொடியில் கிளட்ச்சை மிதித்து இக்னிஷனை அணைத்து ஓரங்கட்டிப் பார்த்தால் சொல்லும். ஆனால் நம் சாலைகளில் அதைச் செய் என்று எவருக்கும் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் பிளக்கை முற்றிலும் தள்ள முடியவில்லை. அம்பாசடர் இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் துளைகள். இரண்டிரண்டு சிலிண்டர் ஒரு வாயைப் பங்கு போடுகின்றன. பங்கு ஒரே அளவாகப் போவதில்லை. சைலன்சரில் மாட்டும் எந்தக் கருவியும் நான்கின் சராசரியைத்தான் காட்டும். நான்கு பிளக்கையும் வரிசையாக அடுக்கி ஒன்றோடொன்று ஒப்பிடுகிறவருக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது புகைச் சோதனை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. எண்ணாக வருகிறது, மறுபடி எடுத்தாலும் ஏறக்குறைய அதே வரும். இவை பெரிய பலங்கள். ஆனால் 3 என்பது அனுமதியின் உச்சம், அடைய வேண்டிய குறி இல்லை. தவிர, மிக்சர் 14.7-ஐத் தாண்டி லீனாகப் போன பிறகு கார்பன் மோனாக்சைடு தரையோடு படுத்துவிடுகிறது. 5 சதவீதம் லீனா, 15 சதவீதம் லீனா என்று அந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்திலேயே அச்சாகும் ஹைட்ரோகார்பன் எண்ணையும் பார்த்தால் ஓரளவு பிடிபடும்: லீனாகி மிஸ்ஸிங் வந்தால் அது எகிறும். பெரும்பாலோர் சீட்டில் ‘பாஸ்’ என்ற சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் காற்று கலந்து எண் இன்னும் அழகாக வரும் என்பது தனிக் கதை.

பிளக்குக்குப் பதில் கண்ணாடி பொருத்தித் தீயின் நிறத்தைப் பார்க்கும் கலர்டியூன் பார்க்க அழகு. ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர், அதுவும் சுமையில்லாத ஓட்டத்தில். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

லாம்டா மீட்டரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். இன்று அதன் வார்த்தையே இறுதி என்று நம்பப்படுகிறது. வொய்டுபேண்ட் சென்சரைப் புகைக்குழாயில் பொருத்தினால் ஓடும் வண்டியில், சுமையில், நொடிக்கு நொடி பார்க்கலாம். வேறு எந்த முறைக்கும் இந்தத் தகுதி இல்லை. ஆனால் சென்சர் அறிவது புகையில் உள்ள ஆக்சிஜனின் நிலையை. ரிச்சாகிக் கரி பிடித்த பிளக் ஒன்று மிஸ் ஆனால், எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வரும். மீட்டர் ‘லீன்’ என்று சொல்லும். அதை நம்பி இன்னும் ரிச் பண்ணினால் அந்தச் சிலிண்டர் மொத்தமாகப் படுத்துவிடும்.

இரண்டாவது பொறி எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் முழுமையாக எரியத் தேவையான விகிதம் சுமார் 13.5. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பழையபடியே அளந்து ஊற்றும். விளைவு, மிக்சர் ஏறத்தாழ 8 முதல் 9 சதவீதம் லீனாகிறது. லாம்டா என்பது உண்மையில் உள்ள விகிதத்தை, முழுமையாக எரியத் தேவையான விகிதத்தால் வகுத்த எண். முன்பு லாம்டா 0.90-ல் இழுத்த வண்டி இப்போது 0.97-ல் இழுக்கும். புகைச் சீட்டில் எண் குறையும், ஓட்டுகிறவர் பிக்-அப் போய்விட்டது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இங்கே மீட்டரின் திரை ஒரு குழியும் வெட்டி வைத்திருக்கிறது. பெட்ரோலுக்கு அமைத்த மீட்டர் லாம்டா 1-ஐ எந்த எரிபொருளிலும் 14.7 என்றே காட்டும். ‘இந்தப் பெட்ரோலுக்கு 13.5 வேண்டுமாமே’ என்று திரையில் 13.5 வரும்வரை நட்டைத் திருப்பினால், உண்மையில் 0.92-க்குப் போய் நிற்போம். விகிதத்தை மறந்து லாம்டாவை மட்டும் படிப்பவருக்கு இந்தச் சிக்கல் வராது.

எஸ்.யு.வின் பக்கவாட்டில் ஒரு சிறு பின் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அதை அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினால் மிக்சர் லேசாக லீனாகும். வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச். உடனே விழுந்து அணையப் பார்த்தால் லீன். சற்றே ஏறித் திரும்பினால் சரி. இதற்கு எரிபொருளின் விகிதம் தெரிய வேண்டியதில்லை, எந்த அளவீடும் வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் லீனானால் உனக்கு நல்லதா என்று இன்ஜினையே கேட்கிறது. எத்தனால் கலந்தாலும் கலக்காவிட்டாலும் பதில் செல்லும். எஸ்.யு.வில் ஐடிலுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே ஜெட் என்பதால் அந்தப் பதிலுக்குச் சாலையிலும் ஓரளவு மதிப்பு உண்டு.

என் தீர்ப்பு இது. அம்பாசடருக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பின்னைத்தான் எடுப்பேன். நட்டை ஒரு முறைக்கு ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று. பத்மினிக்கு அந்த வசதி இல்லை. அங்கே ஐடில் ஸ்க்ரூவைக் காதால் வைத்துவிட்டு, மெயின் ஜெட் சரியா என்று அறிய வொய்டுபேண்ட் தவிர நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. புகைச் சீட்டு சட்டத்துக்கு, பிளக் சிலிண்டர்களுக்குள் ஒப்பிட.

பின்னுக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு: த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்த கார்புரேட்டர். அந்த இடுக்கில் நுழையும் காற்று ஐடிலில் பெரிய பங்கு, முழுத் த்ராட்டிலில் ஒன்றுமே இல்லை. ஐடிலைக் காப்பாற்ற நட்டை இறக்கினால் பின் ‘சரி’ என்றே சொல்லும். சாலையில் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். ஆகவே டாப்பெட், பாயிண்ட், டைமிங் பார்த்த கையோடு, ஐடிலில் ஓடும்போது ஸ்பிண்டிலின் இரு முனையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜின் சத்தம் மாறினால் முதலில் ஸ்பிண்டிலின் புஷ், பிறகுதான் நட்டு.