காரணம் கூறத் தேவையில்லையாம்!

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில், வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டிருக்கும் பாட்டாளியிடம் சென்று, "ஐயா, நீரும் பெருந்தொழில்களின் பங்காளி!" என்றால், கேலி செய்கிறோம் என்றே எண்ணுவார். கேலியன்று, தோழர்களே! வயிற்றைக் கட்டி அவர் செலுத்தும் ஆயுள் காப்பீட்டுத் தவணைதான் கம்பெனிப் பங்குகளாக உருமாறி, ஆலை அதிபர்களை அமர்த்தவும் அகற்றவும் வல்ல வாக்காகிறது. பணம் அவருடையது, வாக்கோ, அவர் முகமறியா அதிகாரியின் கையில்!

அந்த வாக்கின் வலிமையை எஸ்கார்ட்ஸ் வழக்கிலே நாடு கண்டது. அக்கம்பெனியின் பங்குகளில் சுமார் 52 விழுக்காடு அரசு நிதி நிறுவனங்களிடம் இருந்தது. 1984 இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், இயக்குநர்கள் 9 பேரை நீக்கப் பொதுக்கூட்டம் கூட்டுமாறு கோரிற்று. பம்பாய் உயர்நீதிமன்றம் தடுத்தது. 1985 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தடையைத் தகர்த்தது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: தீர்மானம் கொணரும் பங்குதாரர் காரணம் கூறக் கடமைப்பட்டவரல்லர், கழகமும் பங்குதாரரே.

நிர்வாகியின் நாற்காலி பரம்பரைச் சொத்தன்று என்று உணர்த்திய அளவில், தீர்ப்பு வரவேற்கத்தக்கதே. கம்பெனிக்குக் காரணம் கூறவேண்டாம், சரி. தவணை கட்டியவருக்கு? அந்தக் கேள்வி அங்கே எழவேயில்லை! தன் பணத்தை ஆள்பவன் வாய் மூடியிருக்கலாம். பிறர் பணத்தின் காவலன் இருக்கலாமா? "ஏன் என்று கேளாதே" என்ற சாத்திரத்தைச் சாடிய நாம், சட்டத்தின் மௌனத்துக்கு மட்டும் தலையசைக்கலாமா?

கேளாமையின் விலை 1957 லேயே தெரிந்தது. முதலீட்டுக் குழுவைக் கலக்காமலே, முந்த்ராவின் 6 கம்பெனிப் பங்குகளைக் கழகம் சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி "ஏன்?" என்றார். சாக்ளா ஆணையம் மக்கள் முன்னிலையில் விசாரித்தது. 1958 இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மாளிகையை அசைத்தது படையன்று, ஒரு கேள்வி!

பரஸ்பர நிதிகள் தம் வாக்குக்குக் காரணத்தையும் வெளியிடவேண்டும் என்று 2014 இல் செபி விதித்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் 2017 இல் நெறிமுறை வந்தது. நன்று! ஆயினும், ஏட்டிலே உறங்கும் காரணம் எவருக்குப் பயன்? கொலுசுப் பட்டறைக்காரர் படிக்கும் தமிழில் அது வரட்டும். தவணைச் சீட்டுடன் அவர் வீட்டுக்கே வரட்டும்.

பணம் கொடுத்தவன் காரணம் கேட்பது பிச்சையன்று, உரிமை. கேட்போம்!