விரல் நுட்பமும் தொழில்நுட்பமும்: சிரம்பான் வட்டாரப் பெண் தொழிலாளரை முன்வைத்து

மலேசியத் தமிழர் வாழ்வைக் கூறும் எழுத்துகளில் பால்மரம் சீவும் பெண்ணுக்குத் தனியிடம் உண்டு. அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’ முதல் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ வரை தோட்ட வாழ்வை நாம் பல கோணங்களில் கண்டுள்ளோம். ஆயின், தாயின் உளியைத் தொடாது மின்னியல் ஆலையில் உருப்பெருக்கியின்முன் அமர்ந்த மகளைப் பற்றி நம் இலக்கியமும் ஆய்வும் பேசியது குறைவே.

சிரம்பான் நகரையொட்டிய தெமியாங்கையும் சுற்றுவட்டாரத் தோட்டங்களையும் எடுத்துக்கொள்வோம். செனாவாங், துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டைகள் இங்கிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன. சிரம்பானில் இயங்கிய மோட்டோரோலாவின் குறைகடத்தி ஆலை, 1999இல் அப்பிரிவு தனி நிறுவனமானபோது ஓன் செமிகண்டக்டர் எனப் பெயர் மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வேலை சுருங்கிய காலத்தில் இத்தகைய ஆலைகளே இளம்பெண்களுக்கு வழியாயின.

இப்பெண்களை ஆலைகள் விரும்பியது ஏன்? 1970களில் அந்நிய முதலீட்டாளருக்காக மலேசியாவில் வெளியிடப்பட்ட விளம்பர ஏடு, கீழைநாட்டுப் பெண்ணின் சிறிய கைகளையும் வேகத்தையும் பிறவிப் பண்பாகப் புகழ்ந்தது. டயன் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் எழுதிய கட்டுரையில் இதனை மறுத்தனர். தையல் முதலான வீட்டுவேலைகளில் பழகிப் பெற்ற திறனை இயற்கை என்று சொல்லிவிட்டால் அதற்குத் தனிக்கூலி தரவேண்டியதில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இது நம் தோட்டத்திற்கும் பொருந்தும். பட்டையைச் சீவுபவள் பாற்குழாய்களை எட்டும் ஆழத்திற்கு வெட்டவேண்டும். உள்ளிருக்கும் வளர்படலம் காயப்படலாகாது. விடியலிருளில் நூற்றுக்கணக்கான மரங்களில் இதனைச் செய்தவளை யாரும் நுட்பவியலாளர் என்று குறித்ததில்லை. முடியினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லில் இணைத்த மகளும் ‘ஆப்பரேட்டர்’ என்ற அடிநிலைப் பெயரையே பெற்றாள்.

ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட நூல், கோலலங்காட் மலாய்ப் பெண்கள் ஆலைகளில் ஆவேசம் கொண்டதை ஆலை ஒழுங்கிற்கு எதிரான மறைமுக எதிர்ப்பாக விளக்குகிறது. சிறந்த நூல்தான், எனினும் அதனை அப்படியே தமிழ்ப் பெண்ணுக்குப் பொருத்துதல் தவறாகும். கம்பத்திலிருந்து வந்தவளுக்கு ஆலைமணி புதிது. பெரட்டுக்கு எழுந்த தாயிடம் வளர்ந்தவளுக்கு அது புதிதன்று. அவளது இடர் வேறு: குடியிருந்த வீடே தோட்ட நிர்வாகத்தினுடையது. குடும்பத்தில் எவரும் தோட்டவேலை செய்யாவிடில் அவ்வீடு நிலைக்காது.

இன்றைய கணினித் துறைக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் மாணவியரை ஆராய்ந்த விவியன் லாகெசன் (2008), அங்குப் பெண்களே மிகுதி என்றும், அறைக்குள் செய்யும் பாதுகாப்பான வேலையென அத்துறை பெண்ணுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது என்றும் காட்டுகிறார். மேலைநாட்டுக் கோட்பாடுகளுக்கு இது தக்க மறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘ஏற்றது’ என்னும் சொல்லை நாம் ஐயுறுகிறோம். சிறிய விரலுக்கு ஏற்றது என்ற பேச்சும் இதே இனத்தது. அது வாயிலைத் திறக்கும். பதவி உயர்வைப் பற்றி வாய்திறவாது.

சட்டமும் அவ்வாறே நடந்தது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தொழில், வேளாண் துறைகளில் பெண்கள் இரவு 10 முதல் காலை 5 வரை பணிபுரிவதைத் தடுத்தது. விலக்களிக்கும் அதிகாரமும் உடன் இருந்தது. அவ்விலக்கின் பேரில் ஆலைகளில் இரவுமுறை நடந்தது. 2023 ஜனவரி 1 முதல் அப்பிரிவு நீக்கப்பட்டது. மகப்பேற்று விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மின்னியல் தொழிலாளர்க்கு நாடளாவிய சங்கம் மறுக்கப்பட்டு, 1988இல் நிறுவன அளவிலான சங்கங்களே அனுமதிக்கப்பட்டன என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும்.

தொடக்க காலத்தில் ஆலைக்குச் சென்ற பெண்கள் இன்று பாட்டியர். அவர்களுடைய சம்பளச் சீட்டுகள், பணிமுறை அட்டவணைகள், எத்தனை ஆண்டுகள் ஒரே நிலையில் இருந்தனர் என்னும் வாய்மொழிச் சான்றுகள் ஆகியவற்றைத் தெமியாங் போன்ற ஊர்களில் வீடுவீடாகச் சென்று இப்போதே திரட்டுதல் வேண்டும்.