பந்தியும் பணியும்: தரங்கம்பாடிக் கடிதங்கள் குறித்து ஒரு திறனாய்வு

திருச்சபை வரலாறு கற்கும் நம் மாணாக்கர், மிஷனெரிகள் செய்த மொழிபெயர்ப்பு, நிறுவிய அச்சகம், எழுப்பிய ஆலயம் ஆகியவற்றை ஆண்டு தவறாமல் கூறுவர். அம்மிஷனெரி எவர் இல்லத்தில், எதனை, எவரோடு அமர்ந்து உண்டார் என வினவின், விடை கூறுவார் அரியர். குற்றம் அவர்களுடையதன்று. கற்பிக்கும் நாமே அப்பக்கங்களை விரைந்து புரட்டிவிடுகின்றோம். உணவு சிறிய காரியம் என்பது நம் எண்ணம். திருமறையோ உணவை அங்ஙனம் சிறியதாகக் கருதவில்லை. இந்நோக்கில், பர்த்தலோமேயு சீகன்பால்குவைச் சார்ந்த இரண்டு எழுத்துகளை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, தாம் தமிழ் கற்ற முறையை விவரித்து அவர் எழுதிய கடிதம். 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது அவர் ஏறத்தாழ 24 வயது இளைஞர். அக்கடிதம் காட்டும் நாள் ஒழுங்கு வியப்பிற்குரியது. காலை 7 முதல் 8 மணி வரை, முன்பு கற்ற சொற்களை மீண்டும் ஓதுதல். 8 முதல் 12 வரை, முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்கத் தமிழ் நூல்களைப் படித்தல். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் நூல்கள். இரவு 7 முதல் 8 வரை, கண்களுக்கு ஓய்வளிக்கும் பொருட்டுப் பிறரைப் படிக்கச் செய்து கேட்டல். உணவு வேளையிலும் ஒருவர் அருகிருந்து படித்துக்கொண்டிருந்தார் என்கிறார்.

இந்த உழைப்பின் பயனை நாம் அறிவோம். புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு 1711இல் முடிவுற்று, 1715இல் முழுமையாக அச்சேறியது. அதனை நன்றியோடு நினைக்கும் அதே வேளையில், திறனாய்வாளன் ஒரு வினாவை எழுப்பியே ஆகவேண்டும். படித்தவர் படிக்க, உண்டவர் உண்டார்; இருவரும் சேர்ந்து உண்டனரா? சமைத்தவர் யார்? இலையில் இருந்தது யாது? நாள் ஒழுங்கைக் கூறும் அப்பகுதி இவை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்நிய நாட்டில் மொழியைக் கற்க ஏங்கிய இளைஞருக்கு உணவு வேளை மற்றுமொரு பாடவேளையாயிற்று. பந்தி அவருக்குக் கல்விக்கூடம். உறவுக்கூடமாக அது இருந்ததற்கு அக்கடிதத்தில் சான்றில்லை.

இரண்டாவது எழுத்தில் உணவு வாய் திறந்து பேசுகின்றது. சீகன்பால்குவும் அவருடைய உடனூழியர் குருண்ட்லரும் தமிழரிடம் கேள்விகளை அனுப்பிப் பெற்ற மறுமொழிகள், ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, 1714இலும் 1717இலும் ஹாலே நகரில் வெளியிடப்பட்டன. ‘மலபார்க் கடிதங்கள்’ எனப்படும் இத்தொகுப்பில் 99 கடிதங்கள் உள்ளன. கிறிஸ்தவ மார்க்கத்தைத் தமிழர் இகழ்வதேன் என்பது வினாக்களுள் ஒன்று. விடை கூறியோர் திரித்துவத்திலிருந்தோ சிலுவையிலிருந்தோ தொடங்கவில்லை. பசுவைக் கொன்று தின்கிறீர்கள், மது அருந்துகிறீர்கள், கழுவவேண்டிய வேளையில் கழுவுவதில்லை, கண்ட இடத்தில் உமிழ்கிறீர்கள், குல வேறுபாடு பார்ப்பதில்லை என்பனவே அவர்கள் அடுக்கிய குறைகள். கோட்டையிலிருந்த ஐரோப்பியரின் அன்றாட வாழ்வே அவர்கள் வாசித்த முதல் வேதபுத்தகம்.

தம்மீது வீசப்பட்ட இக்கண்டனத்தை மறைக்காது தாய்நாட்டிற்கு அனுப்பிய நேர்மையைப் பாராட்டுகின்றோம். தமிழ்த் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூல் 1867 வரை அச்சுக் காணாது கிடந்தது என்பதை எண்ணினால், இக்கடிதங்கள் உடனே வெளிவந்ததன் அருமை விளங்கும். ஆயினும் இரு எச்சரிக்கைகள் தேவை. கடிதங்கள் ஜெர்மன் வடிவிலேயே நமக்கு வந்துள்ளன. அவற்றுட் பலவற்றை, மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பனே எழுதியிருத்தல் கூடும் என ஆய்வாளர் கருதுகின்றனர். அன்றியும், எழுதியோர் பெரும்பாலும் எழுத்தறிவு வாய்த்த குலத்தார். 1707 மே மாதத்தில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவர் ஐரோப்பியர் இல்லங்களில் அடிமைகளாய் உழைத்தவர்கள். அவர்களுடைய குரல் அத்தொகுப்பில் எங்கே?

இங்குதான் பொருள் கடினமாகின்றது. மாட்டிறைச்சியை விட்டுவிட்டால் தடை நீங்கும் என்போர்க்கு நூறாண்டுக்கு முந்தைய உதாரணம் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இளைஞர் ராபர்ட் தெ நொபிலி, புலாலை நீக்கி, பிராமணர் சமைத்த மரக்கறி உணவை நாளுக்கு ஒருமுறை உண்டார். அவருடைய தற்கட்டுப்பாட்டில் ஐயமில்லை. ஆனால் அதன் விலை யாது? அதே ஊரில் பரதவருக்கு ஊழியஞ்செய்த பெர்னாண்டஸ் அடிகளின் சபையிலிருந்து அவர் பிரிந்து வாழ நேர்ந்தது. ஒரு பந்தி விரியும்போது மற்றொரு பந்தி கலைந்தது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைக் காட்டி, பலவீனனுக்காக இறைச்சியை விடலாம் என்கிறோம். அது மெய்யே. ஆனால் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில், புறவினத்தாரின் பந்தியை விட்டு விலகிய பேதுருவை அதே பவுல் முகமுகமாய் எதிர்த்தார் அன்றோ? ஒன்றை மட்டும் வாசிப்பவன், ஒருவனுக்கு இடறலாகாதிருக்கும்படி மற்றொருவனை இழிவுபடுத்துகின்றான். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு, எக்குலத்துக் கிறிஸ்தவரோடும் உண்ண இசைவதைச் சாதியை விட்டமைக்கு அடையாளமாக வற்புறுத்தியது. நோக்கம் நன்று. ஆயினும் தேர்வாக வைக்கப்பட்ட சோறு விருந்தாகுமா?

பிறரைக் குறைகூறி முடிக்க எனக்கு உரிமை இல்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில், கிராமச் சேகரமொன்றில் வீடு சந்திக்கச் சென்றேன். சேரியில் ஒரு தாயார் சோறும் மாட்டுக்கறிக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். வயிறு சரியில்லை என்றேன். வயிற்றில் யாதொரு கோளாறும் இல்லை. அவ்வம்மையார் சற்று நேரம் நின்று, “ஐயா, நீங்க குடுக்கிற அப்பத்தை நாங்க வாங்கித் திங்கிறோமே” என்றார். பின்பு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த ஞாயிறு திருவிருந்தில் அவர் கையில் அப்பத்தை வைக்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை. சில மாதங்கள் கழித்து, அழையாமலே அவ்வில்லத்திற்குச் சென்று உண்டேன். அவர் பரிமாறினார், பழையதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

எழுபது பேரை அனுப்புகையில், முன்வைப்பதை உண்ணுமாறு ஆண்டவர் பணித்ததை லூக்கா பத்தாம் அதிகாரம் கூறுகின்றது. அனுப்பப்பட்டவன் அங்கே விருந்து வைப்பவனல்லன், விருந்தினன். பெற்றுக்கொள்ளும் தாழ்மையே அவனுடைய முதற் பிரசங்கம். தரங்கம்பாடிக் கடிதங்களை இனிக் கற்பிக்கும் நாம், நாள் ஒழுங்கில் உணவு வேளை வரும் இடத்தில் சற்று நிற்போமாக. பிற்காலத்தில் அவ்வூர் ஆலயத்திலும் குலவாரியாக மக்கள் தனித்தனியே அமர்த்தப்பட்ட வரலாற்றை அதனோடு சேர்த்து வாசிப்போமாக. நாளை பிறநாட்டிற்கோ பிறமொழி மாநிலத்திற்கோ செல்லவிருக்கும் இளம் ஊழியர், அகராதியோடு பசியையும் எடுத்துச் செல்வாராக.