ஜி5ஆர்வியும் கோ-ஆக்சியல் கேபிளும்

இங்கிலாந்தின் அமெச்சூர் வானொலியாளரான லூயி வார்னி 1946-இல் வகுத்து, தமது அழைப்புக் குறியையே நாமமாகச் சூட்டிய ஜி5ஆர்வி ஆன்டெனாவைப் போல, பலராலும் புகழப்பட்டுச் சிலராலேயே விளங்கிக்கொள்ளப்பட்ட சாதனம் இத்துறையில் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. 102 அடி நீளக் கம்பி, அதன் நடுவிலிருந்து இறங்கும் 34 அடி இரட்டைக் கம்பி, அதன் கீழே கோ-ஆக்சியல் கேபிள், அமைப்பு இவ்வளவுதான்.

14 மெகாஹெர்ட்ஸில் இதன் சாமர்த்தியத்தை மறுப்பதற்கில்லை. அங்கே மேற்கம்பி மூன்று அரை அலைகளையும் இறங்குகம்பி ஓர் அரை அலையையும் கொள்வதால், நடுவிலுள்ள ஏறத்தாழ 90 ஓம் இம்பிடன்ஸ் அப்படியே கீழே வந்து சேர்கிறது. 75 ஓம் கேபிளுக்கு அது நன்கு இசைகிறது, 50 ஓம் கேபிளும் பெரிதாகக் குறைப்படுவதில்லை. ஏனைய அலைவரிசைகள் பலவற்றிலோ, அதே இறங்குகம்பி இம்பிடன்ஸை வெவ்வேறாக உருமாற்றிவிடுவதால், எந்தக் கேபிளை வாங்குவது என்ற விவாதமே அர்த்தமிழந்து போகிறது.

வால்வு டிரான்ஸ்மிட்டர்களின் காலத்தில், வெளியீட்டுச் சுற்றைத் திருகியே இப்பேதத்தை ஓரளவு சமாளித்தார்கள். இன்றைய டிரான்ஸிஸ்டர் கருவிகள் 50 ஓமையே எதிர்பார்த்து, அது கிட்டாதபோது சக்தியைத் தாமே குறைத்துக்கொள்வதால், இம்பிடன்ஸை இசைவிக்கும் டியூனர் ஒன்று மேஜைமேல் வந்து அமர்ந்தது. டியூனர் டிரான்ஸ்மிட்டரைத் திருப்திப்படுத்துகிறதே தவிர, அதற்கப்பால் கேபிளில் நிற்கும் அலையைத் தணிப்பதில்லை. இசைவின்மையால் ஆன்டெனாப் பக்கமிருந்து திரும்பி வரும் சக்தியெல்லாம் விரயம் என்று அஞ்சுவதும் தவறே. 1970-களில் அமெச்சூர் வானொலியாளர் வால்டர் மாக்ஸ்வெல் விரித்துரைத்தபடி, அது டியூனரில் மோதி மறுபடியும் ஆன்டெனாவையே நாடுகிறது. ஆயினும் போகும்போதும் வரும்போதும் கேபிள் தன் சுங்கத்தை வசூலித்துக்கொள்கிறது. 3.5 மெகாஹெர்ட்ஸில், குட்டையான, தடித்த கேபிளில், அது பொருட்படுத்தத் தக்கதன்று. 28 மெகாஹெர்ட்ஸில், மெல்லிய நீண்ட கேபிளில், மிகக் கனமானது.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. சக்தியை அதிகமாக விழுங்கும் கேபிளில் திரும்பி வருவது குறைந்துவிடுவதால், நிற்கும் அலையின் விகிதத்தை அளக்க டிரான்ஸ்மிட்டரருகே வைத்த எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் அழகான, குறைந்த எண்ணைக் காட்டும். அதைக் கண்டு மகிழும் நண்பர்கள் அநேகர்!

கேபிளின் இந்தச் சுங்கத்தைத் தவிர்க்க, இரட்டைக் கம்பியையே டியூனர்வரை கொண்டுவருவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஜன்னலருகே உலோகத்தை அணுகவிடாமல் அதை நடத்திவருவது தொல்லைதான். கோ-ஆக்சியலை விட மனமில்லாதவர்கள், 1980-களில் அமெச்சூர் வானொலியாளர் பிரையன் ஆஸ்டின் கணக்கிட்டுத் தந்த, அவரது அழைப்புக் குறியாலேயே வழங்கும் இசட்எஸ்6பிகேடபிள்யூ அளவுகளை நாடலாம்: மேற்கம்பியைச் சற்றுக் குறைத்து, இறங்குகம்பியை நீட்டி, டியூனரின்றியே சில அலைவரிசைகளை 50 ஓமுக்கு அருகில் கொணர்ந்தார் அவர். 21 மெகாஹெர்ட்ஸ் அவருக்கும் வசப்படவில்லை.